வடகுன்றையின் வாடாத செவ்வந்தி

உங்கள் முப்பாட்டனுக்கு முப்பாட்டன் தொட்டிலில் கிடந்த காலத்துக்கும் முந்திய காலம். வடகுன்றை என்றொரு நாடு இருந்தது. அதை உதியரசன் என்ற அரசன் ஆண்டுவந்தான். கேட்கிறவர்கள் நன்றாகச் சம்மணமிட்டு உட்காருங்கள். பாதியில் எழுந்து போகிற வழக்கம் உள்ளவர்கள் இப்போதே போய்விடுங்கள். இந்தக் கதையைப் பாதியில் விட்டவர்களுக்கு உச்சிவெயிலில் தனியாக நடக்கப் பயமாக இருக்கும். முழுவதும் கேட்டவர்களுக்கும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.

உதியரசன் கெட்டவன் இல்லை. குடிகளை வாட்ட மாட்டான், அடுத்த நாட்டு மண்ணுக்கு ஆசைப்பட மாட்டான். அவன் உயிரெல்லாம் அவன் மனைவியின் மேல். அவள் பெயர் இளநங்கை. தலையில் செவ்வந்தி இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை.

ஒரு கோடையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. உச்சிப்பொழுதில் கண்ணைத் திறந்து, "கொஞ்சம் தண்ணி" என்றாள். பணிப்பெண்கள் எழுவதற்குள் அரசனே எழுந்து ஓடினான். செம்பில் தண்ணீர் மொண்டு திரும்பி வந்தபோது அவள் போய்விட்டிருந்தாள். செம்பு அவன் கையிலேயே இருந்தது.

அரண்மனைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு கல் நட்டார்கள். தினமும் காலையில் அரசன் அந்தக் கல்லுக்குச் செவ்வந்தி மாலை போடுவான். கோடை வெயில் சும்மா விடுமா? பொழுது சாய்வதற்குள் மாலை துவண்டுபோகும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் மறுபடியும் ஒருமுறை செத்துப்போவது போல அவனுக்கு இருந்தது. பாவம், யாருக்குத்தான் இருக்காது.

ஒரு நாள் தோட்டக்காரன் சாத்தையனைக் கூப்பிட்டு அனுப்பினான்.

சாத்தையன் சாதாரண ஆள் இல்லை. ஒரே செடியில் வெள்ளையும் சிவப்புமாகப் பூக்கும் காசித்தும்பையை உண்டாக்கியவன். உள்ளங்கையில் அடங்காத கோழிக்கொண்டையை உண்டாக்கியவன். அந்தப் பெருமை அவன் நடையிலேயே தெரியும். செடிகளுக்கு நடுவில் நடக்கும்போது, இதையெல்லாம் கடவுள் அரைகுறையாக விட்டுவிட்டார், நான்தான் முடித்துவைத்தேன் என்பது போல நடப்பான்.

"சாத்தையா, எனக்கு வாடாத செவ்வந்தி வேணும்" என்றான் அரசன்.

"மகாராசா, வாடாத பூ உலகத்துல ஏது?"

"இல்லாததாலதான் உன்கிட்ட கேக்கறேன். இருந்தா சந்தையில வாங்கியிருக்க மாட்டேனா?"

வாடாமல்லி இல்லையா என்று அங்கே யாரோ முணுமுணுக்கிறீர்கள். எனக்குக் காது கேட்கும். வாடாமல்லி வாடாத பூ இல்லை, காய்ந்தும் நிறம் போகாத பூ. தொட்டால் ஓலை போலச் சரசரக்கும். அரசன் கேட்டது பறித்த நிமிடத்து ஈரமும் குளிர்ச்சியும் என்றென்றைக்கும் போகாத பூ.

மற்றவன் என்றால் கையெடுத்துக் கும்பிட்டு விலகியிருப்பான். சாத்தையன் மீசையைத் தடவிக்கொண்டான். "ஆகட்டும் மகாராசா. ஆனா நாட்டுல வேற எங்கயும் செவ்வந்தி இருக்கக் கூடாது. காத்துல மகரந்தம் வந்து கலந்துட்டா என் வேலை கெட்டுப்போகும்" என்றான்.

மறுநாளே ஆணை போயிற்று. வீட்டு முற்றங்களிலும் கிணற்றடிகளிலும் இருந்த செவ்வந்திகளையெல்லாம் சேவகர்கள் பிடுங்கினார்கள். மக்கள் முணுமுணுத்தார்கள். ராணிக்காகத்தானே என்று பிறகு விட்டுவிட்டார்கள்.

சாத்தையன் ஒரு விஷயத்தைக் கவனித்து வைத்திருந்தான். தேனீ வந்து உட்கார்ந்துவிட்டுப் போன பூ சீக்கிரம் வாடும். தேனீ தீண்டாத பூ இன்னும் சில நாள் நிற்கும். அதனால் மொட்டு விரியும் முன்பே ஒவ்வொன்றுக்கும் மெல்லிய துணியில் ஒரு சிறு பை கட்டினான். எந்தப் பூவுக்கு எந்தப் பூவின் மகரந்தம் சேர வேண்டும் என்று தானே முடிவு செய்து, மயிலிறகின் நுனியால் தொட்டுத் தொட்டு வைத்தான். தினமும் பொழுது சாயும்போது வரிசை வரிசையாக நடப்பான். எந்தச் செடியில் ஒரு பூ தலை குனிந்திருக்கிறதோ அந்தச் செடியை வேரோடு பிடுங்கி, தோட்டத்துக்குப் பின்னால் இருந்த குப்பைக் குழியில் எறிவான். நன்றாகப் பூத்துக் குலுங்கும் செடியாக இருந்தாலும் இரக்கமே கிடையாது. வாடினாயா, போ.

முதல் விதைப்பில் வந்த பூக்கள் பல நாள் வாடாமல் நின்றன. சாத்தையன் ஒரு பூவை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி வடிவாயியிடம் காட்டினான். அவள் முகர்ந்து பார்த்தாள்.

"வாசம் எங்கே?" என்றாள்.

"வாசத்தையா கேட்டாரு ராசா?" என்றான் அவன்.

இரண்டாம் விதைப்பில் வந்த பூக்கள் ஒரு பருவம் முழுக்க நின்றன. துணிப் பையை அவிழ்த்து விட்டாலும் எந்தப் பூச்சியும் கிட்டே வரவில்லை. வடிவாயி கஞ்சி கொண்டுவந்த இடத்தில் சுற்றும்முற்றும் பார்த்தாள்.

"வண்டு எங்கே?"

"வண்டு வந்தா வாடிப்போகும். வராம இருக்கறதுதான் நல்லது. உனக்கு என்ன தெரியும், கஞ்சிய வெச்சிட்டுப் போ."

அந்தப் பூக்களிலிருந்து அவன் எவ்வளவு தேடியும் ஒரே ஒரு விதைதான் கிடைத்தது. மற்றதெல்லாம் வெறும் உமி. அந்த ஒற்றை விதையைத் தோட்டத்தின் நடுவில் நட்டான். அதுதான் மூன்றாம் விதைப்பு. செடி வந்தது, மொட்டு வந்தது, பூத்தது. பொன்னை உருக்கிச் செய்தது போன்ற மஞ்சள். அதன் மேல் விழுந்த பனித்துளி மதிய வெயிலிலும் காயவில்லை. அடுத்த நாளும் காயவில்லை. அதே துளி, அதே இதழில், அதே இடத்தில் நின்றது.

எங்கிருந்தோ வழி தவறி ஒரு தேனீ வந்து அந்தப் பூவில் உட்கார்ந்தது. உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான், எழவே இல்லை. செத்தும் போகவில்லை. இறக்கை மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது.

வடிவாயி வந்து பார்த்தாள். ஓரடி பின்னால் நகர்ந்தாள். அப்போது அவள் முழுகாமல் இருந்தாள். கை தானாக வயிற்றின் மேல் போயிற்று.

"இதுக்கு விதை எங்கே?" என்றாள்.

"இதுக்கு எதுக்கு விதை? இது சாகவா போகுது?" என்று சிரித்தான் சாத்தையன்.

அந்தச் செடியில் பறிக்கப் பறிக்க மொட்டு வந்தது. மூன்று சரங்களுக்கு ஆகும் அளவு பறித்ததும் அரசன் நிறுத்தச் சொன்னான். செடியைச் சுற்றி வேலி போட்டுக் காவல் வைத்தான். முதல் சரம் ஊர் அம்மனுக்குப் போயிற்று. இரண்டாம் சரம் இளநங்கையின் கல்லுக்குப் போயிற்று. மூன்றாம் சரத்தைச் சாத்தையன் கையில் கொடுத்து, "உன் மனைவிக்குப் பூச்சூட்டு வருதாமே, அவ தலையில வை" என்றான் அரசன். சாத்தையனுக்குத் தலைகால் புரியவில்லை. ராணியின் கல்லுக்கும் அம்மனுக்கும் போட்ட பூ தன் பெண்டாட்டி தலையில்! பூச்சூட்டு அன்று தன் கையாலேயே வடிவாயியின் சடையில் அதை வைத்தான். வந்த பெண்கள் எல்லாம் மூக்கின் மேல் விரலை வைத்துப் பார்த்தார்கள்.

இங்கே அந்த நாட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அம்மன் கழுத்து, இறந்தவர் கல், பிள்ளைத்தாய்ச்சியின் தலை, இந்த மூன்று இடத்திலும் போட்ட பூவை வாடிய பிறகுதான் எடுக்க வேண்டும். வாடாத பூவை எடுப்பது பெரிய அபசகுனம். தாலியறுத்தவள் தலையிலிருந்துதான் வாடாத பூவைப் பறிப்பார்கள். அதுவரை இந்த வழக்கத்தால் யாருக்கும் எந்தத் தொல்லையும் வந்ததில்லை. பூ எப்படியும் மறுநாளே வாடிவிடும் அல்லவா?

இப்போது பூ வாடவில்லை. ஆகவே யாரும் எடுக்கவில்லை.

முதலில் கவனித்தவர் கோயில் பூசாரி. வாரம் ஒருமுறை திறக்கிற நடையை மறுவாரம் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மாலை சாத்திய அன்று படைத்த பொங்கலை எடுக்க மறந்திருந்தார். பல நாள் ஆகியும் அதிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. அன்று பூசிய சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது. அன்று ஏற்றிய கற்பூரம் தட்டில் எரிந்துகொண்டே இருந்தது, கரையவில்லை. "அம்மா, நீ இன்னும் அன்னிக்கே நிக்கிறியா? நாங்க இன்னிக்கு வந்து கும்பிடறது உன் காதுல விழலையா?" என்று அவர் கேட்டார். அம்மன் கண்கள் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், வாசலில், போன வாரத்துக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அரசன் இதையெல்லாம் காதில் வாங்கும் நிலையில் இல்லை. அவன் உலகத்திலேயே சந்தோஷமான மனிதனாக இருந்தான். ஏன் தெரியுமா? ஓர் உச்சிப்பொழுதில் அவன் கல்லருகே உட்கார்ந்திருந்தபோது, காற்றில்லாத அந்த வெயிலில், கல்லுக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"கொஞ்சம் தண்ணி."

அவள் குரல்தான். அதே சோர்வு, அதே இழுப்பு. அரசன் அழுதான், சிரித்தான், கையிலிருந்த செம்போடு ஓடினான். தண்ணீரைக் கல்லின் அடியில் ஊற்றினான். தண்ணீர் மண்ணில் இறங்கவில்லை. சேப்பங்கிழங்கு இலையில் விட்டது போல உருண்டு உருண்டு மண்ணின் மேலேயே நின்றது. அதை அவன் கவனிக்கவில்லை. மறுநாள் உச்சிப்பொழுதில் மறுபடி, "கொஞ்சம் தண்ணி." அதற்கும் மறுநாள், "கொஞ்சம் தண்ணி." அரசன் அரசவைக்குப் போவதை விட்டான். கல்லருகிலேயே பந்தல் போட்டுக்கொண்டு, உச்சிப்பொழுதுக்காகக் காத்திருந்து, அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டுக் கேட்டுப் பூரித்துப்போனான்.

சாத்தையன் வீட்டில் யாரும் பூரிக்கவில்லை.

வடிவாயிக்கு மாதம் நிறைந்தது. பிள்ளை பிறக்கவில்லை. நாள் தள்ளிப் போகும், சகஜம்தான் என்றார்கள். இன்னும் ஒரு மாதம் போயிற்று. வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது, ஆனால் பூச்சூட்டு அன்று எந்த இடத்தில் எப்படி உதைத்ததோ அதே இடத்தில் அதே போல. வடிவாயியின் கன்னம் ஒட்டிப்போயிற்று. கை குச்சியாயிற்று. தலையில் இருந்த பூ மட்டும் அன்று வைத்தது போலக் குளுகுளுவென்று இருந்தது.

மருத்துவச்சி காத்தாயி தினமும் வந்து பார்த்தாள். ஒரு நாள் சாத்தையனை வெளியே அழைத்தாள்.

"தம்பி, நானும் எத்தனையோ பிரசவம் பாத்திருக்கேன். இப்படி ஒண்ணப் பாத்ததில்ல. வலி வருது. வாசல்வரைக்கும் வந்துட்டு, ஏதோ ஞாபகம் வந்த மாதிரி திரும்பிப் போயிடுது. இவ உடம்பு இன்னும் ரொம்ப நாள் தாங்காது."

சாத்தையன் வழக்கத்தையும் அபசகுனத்தையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு உள்ளே போனான். மனைவியின் சடையிலிருந்து பூவை எடுக்கக் கை வைத்தான். பூ வரவில்லை. விலக்கிப் பார்த்தான். காம்பின் அடியிலிருந்து வெள்ளை வெள்ளையாக மெல்லிய வேர்கள் கிளம்பி, முடியோடு முடியாகப் பின்னி, மண்டைத் தோல்வரை இறங்கியிருந்தன. இழுத்தான். வடிவாயி அலறினாள். வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. அவன் கையை எடுத்துவிட்டான். அவன் செய்த பூ அவனையே கிட்டே விடவில்லை, பாருங்கள்.

அன்றே தோட்டத்துக்கு ஓடினான். தாய்ச் செடியைக் கொன்றால் அதன் பூக்களும் போகும் என்று நினைத்தான். வேலிக்குள் போக அவனுக்குத் தடை இல்லை. முதலில் தண்ணீரை நிறுத்தினான். மண் வெடித்தது, செடி அப்படியே நின்றது. பிறகு வேரில் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினான். சுற்றியிருந்த புல்லெல்லாம் வெந்துபோயிற்று, செடி அப்படியே நின்றது. கடைசியில் அரிவாளை எடுத்துத் தண்டை வெட்டினான். வெட்டு விழுந்தது. ஆனால் வெட்டிய தண்டு சாயவில்லை. வெட்டுவாயில் ஈரம் பளபளக்க, அந்தரத்தில் அப்படியே நின்றது. பூவில் இருந்த தேனீ இறக்கையை நடுக்கிக்கொண்டிருந்தது.

காவலர்கள் அவனைப் பிடித்து அரசன் முன் நிறுத்தினார்கள். "இனி இவன் தோட்டத்துக்குள்ள கால் வெச்சா தலை இருக்காது" என்றான் அரசன். உச்சிப்பொழுது நெருங்கிக்கொண்டிருந்ததால் அவனுக்கு அதற்கு மேல் பேச நேரமில்லை.

சாத்தையன் வீட்டுக்கு வந்து மனைவியின் காலடியில் உட்கார்ந்தான். நடந்ததையெல்லாம் சொன்னான். மீசையைத் தடவிய அந்தக் கை இப்போது முகத்தை மூடிக்கொண்டிருந்தது.

"நான் உண்டாக்கினது. எனக்கே அதைக் கொல்லத் தெரியல, வடிவு."

வடிவாயி சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். "எதுக்குக் கொல்லணும்? அதுக்கு என்ன வேணும்னு கேட்டீங்களா?"

"செடிக்கு என்ன வேணும்? எல்லாம்தான் குடுத்தேன்."

"பூ எதுக்குப் பூக்குது? காய்க்கத்தானே? காய்ச்சாத்தான் அது வேலை முடியும். முடிஞ்சாத்தான் அது போகும். நீங்க அதைக் காய்க்கவே விடல. அது எத்தனை நாளாக் காத்துக்கிட்டு நிக்குதோ. எனக்குத் தெரியும்ங்க. நானும் அதுமாதிரிதான் நிக்கறேன்."

சாத்தையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். செவ்வந்தி மகரந்தம் வேண்டும். வாடும் செவ்வந்தியின் மகரந்தம், விதைக்கத் தெரிந்த செவ்வந்தியின் மகரந்தம். அது எங்கே இருக்கிறது? நாடு முழுவதும் பிடுங்கச் சொன்னது யார்? அவன்தான். தோட்டத்தில் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தது யார்? அதுவும் அவன்தான்.

எறிந்தது எங்கே என்று நினைத்ததும் எழுந்து ஓடினான்.

தோட்டத்துக்குப் பின்னால் வேலிக்கு வெளியே இருந்த குப்பைக் குழியில், மக்கிய சருகுக்கும் சாணிக்கும் நடுவில், ஒரு செவ்வந்தி வேர் பிடித்திருந்தது. கோணல் தண்டு, பூச்சி அரித்த இலை. அதில் பூத்திருந்த பூ ஒரு பக்கம் வாடி, பழுப்பேறி, தலை சாய்ந்திருந்தது. அதைச் சுற்றி ஊரிலுள்ள தேனீயெல்லாம் அங்கேதான் இருந்தது போல ஒரே ரீங்காரம். இப்படிப்பட்ட செடியை அவன் எத்தனை பிடுங்கியிருப்பான்! அந்தப் பூவின் முன் மண்டியிட்டு, தேனீ கொட்டக் கொட்ட அதைப் பறித்தான்.

ஆனால் தோட்டத்துக்குள் போக முடியாதே? அரசனைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். "நீங்க கேட்டா உள்ள விட மாட்டாரு. நான் வரேன்" என்றாள் வடிவாயி. அவளைத் தாங்கிப் பிடித்தபடி சாத்தையன் கல்லுக்கு நடத்திப் போனான். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சிப்பொழுது. நிழல்கள் காலடியில் ஒடுங்கியிருந்தன. ஒரு காக்கைகூடக் கத்தவில்லை.

அரசன் பந்தலுக்குள் செம்போடு உட்கார்ந்திருந்தான். சாத்தையன் வாடிய பூவையும் மயிலிறகையும் முன்னால் வைத்து, விழுந்து கும்பிட்டு விஷயத்தைச் சொன்னான். அரசன் கேட்டு முடித்தான்.

"பூ வாடினா அவ குரல் என்ன ஆகும்?"

சாத்தையன் கல்லின் மேலிருந்த மாலையைப் பார்த்தான்.

"போயிடும், இல்லையா? ஒரு தரம் போனவ குரலை நான் இப்பத்தான் திரும்பக் கேக்கறேன். உன் வீட்டுக்காக நான் ரெண்டாம் தரம் அவளைச் சாகக் கொடுக்கணுமா? முடியாது. எழுந்து போ."

அப்போது குரல் கேட்டது. "கொஞ்சம் தண்ணி."

அரசனின் முகம் மலர்ந்தது. செம்பைச் சாய்த்தான். தண்ணீர் மண்ணின் மேல் உருண்டு நின்றது. நேற்று ஊற்றியது, முந்தாநாள் ஊற்றியது, எல்லாம் உருண்டை உருண்டையாகக் கல்லைச் சுற்றிப் பளபளத்துக்கொண்டிருந்தது.

வடிவாயி மெல்லக் குனிந்து ஓர் உருண்டையை விரலால் தொட்டாள். பிறகு அரசனைப் பார்த்தாள்.

"ராசா, இவ்வளவு தண்ணி ஊத்தியிருக்கீங்க. ஒரு சொட்டாவது உள்ள போயிருக்கா?"

அரசன் செம்பை நிமிர்த்திப் பிடித்தான்.

"உங்க காதுக்கு அந்தக் குரல் வேணும். சரிதான். அவங்க தொண்டைய நெனச்சீங்களா? எத்தனை நாளா அவங்க தாகத்தோட நிக்கறாங்க? தினமும் கேக்கறாங்க, தினமும் ஊத்தறீங்க, தினமும் குடிக்க முடியாமப் போகுது. உங்களுக்கு அது சந்தோஷமா இருக்கு."

இப்படி ஓர் அரசனிடம் யாரும் பேசியதில்லை. சாத்தையன் கண்ணை மூடிக்கொண்டான், தலை போயிற்று என்று. ஆனால் அரசன் கல்லைச் சுற்றியிருந்த நீர் உருண்டைகளை அப்போதுதான் பார்த்தான். ஒவ்வொன்றாகப் பார்த்தான். உலகத்திலேயே தான் மிகவும் நேசித்தவளை, அவள் செத்த அந்த நொடியிலேயே இத்தனை நாளாக நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று அவனுக்கு விளங்கியது. விளங்கிய பிறகு அவன் அழுத அழுகையைச் சொல்ல என்னால் ஆகாது.

வெகுநேரம் கழித்து எழுந்தான். "அந்த மயிலிறகை என்கிட்ட குடு. நானே செய்யறேன். நான் போட்ட மாலைதானே" என்றான்.

மூவரும் தோட்டத்துக்குள் போனார்கள். வெட்டுண்ட செடி அந்தரத்தில் நின்றது. சாத்தையன் வாடிய பூவை நீட்டினான். அரசன் இறகின் நுனியை அதில் தோய்த்தான். பொன்னிறத் தூள் ஒட்டியது. பாதி கீழே உதிர்ந்தது. மிச்சம் இருந்ததை வாடாத பூவின் நடுவில் மெல்லத் தொட்டு வைத்தான்.

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு பனித்துளி நழுவியது. அந்தப் பழைய துளி இதழிலிருந்து வழிந்து மண்ணில் விழுந்து மறைந்தது. தேனீ இறக்கையை ஒரு முறை உதறிப் பறந்துபோனது. பூ, பெருமூச்சு விட்டவர் தோள் இறங்குவது போல, கொஞ்சம் கொஞ்சமாகத் தலை குனிந்தது. ஓர் இதழ் உதிர்ந்தது. இன்னோர் இதழ் உதிர்ந்தது. வெட்டுண்ட தண்டு சரிந்து விழுந்தது.

அரசன் கல்லை நோக்கி ஓடினான். கல்லின் மேலிருந்த மாலை பழுப்பேறிக்கொண்டிருந்தது. சுற்றியிருந்த நீர் உருண்டைகள் ஒவ்வொன்றாக உடைந்து மண்ணுக்குள் இறங்கின. மண் குடிக்கும் சத்தம் கேட்டது. குடித்துக்கொண்டே இருந்தது. அரசன் செம்பில் மிச்சமிருந்ததையும் ஊற்றினான். அதுவும் இறங்கியது.

அப்போது அந்தக் குரல், இத்தனை நாளில் முதல் முறையாக, வேறொரு வார்த்தை சொன்னது.

"போதும்."

அவ்வளவுதான். அதன் பிறகு அந்த இடத்தில் எந்த உச்சிப்பொழுதிலும் எந்தக் குரலும் கேட்கவில்லை. அரசன் வெறும் செம்பைக் கல்லின் பக்கத்தில் வைத்தான். அவள் போன நாளிலிருந்து அன்றுதான் அவன் அதைக் கையைவிட்டுக் கீழே வைத்தான்.

கோயிலில் பொங்கலின் ஆவி அடங்கியது. கற்பூரம் எரிந்து தீர்ந்தது. பூசாரி வாடிய மாலையை எடுத்துக் கிணற்றில் விட்டுவிட்டுத் திரும்பினார். அம்மன் தன்னைத்தான் பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

வடிவாயியின் சடையில் இருந்த பூ வேரோடு வாடி, சருகாகத் தோளில் உதிர்ந்தது. தோட்டத்து வாசலைத் தாண்டுவதற்குள் வலி வந்தது. இந்தத் தடவை திரும்பிப் போகவில்லை. காத்தாயி ஓடி வந்தாள். பொழுது சாய்வதற்கு முன் பெண் பிள்ளை பிறந்தது.

பிறந்ததும் அது அழவில்லை. தலை நிறைய முடி, கண் நன்றாகத் திறந்திருந்தது. சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது, வெகுநாளாகக் குரலை மட்டும் கேட்டுப் பழகியவர்களை முகத்தோடு பொருத்திப் பார்ப்பது போல. சாத்தையனிடம் வந்ததும் அந்தப் பார்வை நின்றது. வெகுநேரம் நின்றது. அவனால் தாங்க முடியவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். பிறகுதான் பிள்ளை வாய் திறந்து அழுதது. காத்தாயி அப்பாடா என்றாள்.

சரிந்து விழுந்த அந்தச் செடியில், மகரந்தம் தொட்ட பூவில் விதை முதிர்ந்தது. சாத்தையன் அதை எடுத்து வீட்டு முற்றத்தில் நட்டான். சாதாரணச் செவ்வந்திதான் வந்தது. வாசம் இருந்தது, வண்டு இருந்தது, விதை இருந்தது. பறித்த மறுநாள் வாடியது. நாட்டில் செவ்வந்தி இல்லாத முற்றத்துக்கெல்லாம் அவனே நடந்து போய் விதை கொடுத்தான். அதற்குப் பிறகு எந்தப் பூவுக்கும் அவன் துணிப் பை கட்டவில்லை. பூ தலை குனியும் வேளையில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். அவன் மகளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். பூவை அல்ல, அவன் கையை.

உதியரசன் மறுபடியும் தினமும் காலையில் கல்லுக்கு மாலை போட்டான். அது தினமும் வாடியது. பொழுது சாய்ந்ததும் தானே அதை எடுத்து ஆற்றில் விட்டான். இப்போது அழவில்லை என்று சொல்ல மாட்டேன். அழுதுகொண்டேதான் விட்டான், ஆனால் விட்டான்.

எழுந்து போகிறவர்கள் இனிப் போகலாம், சொல்ல வேண்டியது ஒன்றுதான் பாக்கி: நேசித்தவரைப் போக வேண்டிய வேளையில் போக விடாத அன்பு, நம் ஆசை தீர்வதற்காக அவரைத் தாகத்தோடு நிறுத்தி வைக்கும் கொடுமையாகிவிடும்.